19 வயசு மட்டக்குதிரை: மாத்திரையில ஏ.சி.டி.எச். இறங்கிடுச்சு, குளம்பு வலி மட்டும் போகல

தாமிரபரணிக்காரி

எல்லாருக்கும் வணக்கம். இங்க குதிரை வச்சிருக்கிற தமிழ் ஆட்கள் கொஞ்சம் பேர் இருக்கீங்கன்னு பழைய இழைகளைப் படிச்சப்போ தெரிஞ்சது. அதான் கேக்கேன்.

இங்கிலாந்துல ஷ்ராப்ஷயர், வேல்ஸ் எல்லையை ஒட்டி இருக்கோம். நான் நர்ஸ். மக சின்னப் பிள்ளையா இருக்கும்போது வாங்கின மட்டக்குதிரை, பேரு பிஸ்கட். வெல்ஷ் மலை ரகம், செக்‌ஷன் ஏ. சாம்பல் நிறம், காயடிச்ச ஆண், 19 வயசு, 260 கிலோ. மக லீட்ஸ்ல படிக்கப் போயிட்டா. குதிரை இப்போ என் பொறுப்பு.

ரெண்டு வருஷமாவே மே மாசம் மத்த குதிரையெல்லாம் முடி உதிர்த்து பளபளன்னு நிக்கும். இவனுக்கு மட்டும் தாடையிலயும் வயித்துலயும் சுருட்டை சுருட்டையா தொங்கும். லாயத்துல யாரைக் கேட்டாலும் "வயசாச்சுல்ல" அப்படின்னாங்க. இந்தக் கோடையில தண்ணி குடிக்கிறது அதிகமாச்சு. காலையில பார்த்தா படுக்கை ஊறிக் கிடக்கும். முதுகெலும்பு ரெண்டு பக்கமும் சதை வத்தி, வயிறு தொங்கி, கண்ணுக்கு மேல இருக்கிற பள்ளம் மேடாகி, மூஞ்சியே வேற மாதிரி ஆயிட்டு. பிடரி மட்டும் கெட்டிக் கொழுப்பு. அசைச்சா அசையல.

ஆகஸ்ட் கடைசியில சிமெண்ட் தரையில திரும்ப மாட்டேன்னு நின்னுட்டான். முன்னங்கால் ரெண்டையும் முன்னுக்கு நீட்டி, பாரத்தை எல்லாம் பின்னால போட்டு நின்னான். வெட் (கால்நடை டாக்டர்) வந்து குளம்புக்கு மேல விரல் வச்ச உடனே லேமினைட்டிஸ், அதாவது குளம்புக்குள்ள வர்ற அழற்சின்னு சொல்லிட்டார். எக்ஸ்ரேயில வலது முன்னங்கால் எலும்பு லேசா சுழன்டிருக்கு. செப்டம்பர் நடுவுல ரத்தம் எடுத்தாங்க: ஏ.சி.டி.எச். (மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரக்கிற ஹார்மோன்) 168, இன்சுலின் 84. பி.பி.ஐ.டி.ன்னும் (குதிரைக்கு வர்ற குஷிங், பிட்யூட்டரி கோளாறு) கூடவே இன்சுலின் கோளாறுன்னும் சொல்லி ப்ராசெண்ட் (பெர்கோலைடு) மாத்திரை தினம் அரை ஆரம்பிச்சாங்க. நவம்பர் தொடக்கத்துல திரும்பப் பார்த்தா ஏ.சி.டி.எச். 41. வெட்டுக்கு சந்தோஷம். எனக்கு இல்ல. சரளைக்கல்லுல இன்னும் காலைப் பார்த்துப் பார்த்துத்தான் வைக்கிறான். போன வாரம் வலது முன்னங்கால்ல மறுபடி நாடி துடிக்குது.

எனக்குத் தெரிஞ்ச குஷிங் மனுஷங்களோடது. கார்டிசோல் ஏறும், மூஞ்சி உப்பும், சர்க்கரை வரும். பெர்கோலைடை பார்கின்சன் மருந்தாத்தான் கேள்விப்பட்டிருக்கேன். அது குதிரைக்கு எப்படி வேலை செய்யுது? ஹார்மோன் இறங்கினப்புறமும் கால் ஏன் வலிக்குது? மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து தீவனத்துல வாய் வைக்கவும் யோசிக்கிறான்.

லாயத்துல ஆளுக்கொரு யோசனை. ராத்திரி மட்டும் புல்லுல விடுங்கன்னு ஒருத்தர், ரெண்டு நாள் பட்டினி போட்டா சரியாகும்னு இன்னொருத்தர். எங்க வார்டுல சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்கிற எர்டுகிளிஃப்ளோசின் குதிரைக்கும் கொடுக்காங்கன்னு படிச்சேன். அது உண்மையா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வன்னிக்குதிரை

அக்கா வணக்கம். நான் விக்டோரியாவில, பலரட் பக்கம். எங்கட வீட்டிலயும் ஒரு கிழவி இருந்தவ, 24 வயதில பி.பி.ஐ.டி. எண்டு தெரிய வந்தது. டொக்டர்மார் வந்து மிச்சத்தைச் சொல்லுவினம். நான் கையால செய்ததை மட்டும் சொல்லுறன்.

மாத்திரையைத் தீவனத்துக்குள்ள போட்டால் மோப்பம் பிடிச்சு விலக்கிப்போடும், பிறகு அந்தத் தீவனத்தையே சந்தேகப்படும். தீவனத்தையும் மாத்திரையையும் சேர்க்காதேங்கோ. ஒரு சின்னத் துண்டு பேரீச்சம்பழத்தில கொட்டையை எடுத்துப்போட்டு அதுக்குள்ள அமத்தி, கையால குடுங்கோ. சீனி இருக்குதுதான், ஆனா நகத்தளவு துண்டு ஒண்டும் செய்யாது. பொடி பண்ணாதேங்கோ, பெட்டியிலயே வேண்டாம் எண்டு போட்டிருக்கு. வீட்டில கர்ப்பிணிப் பிள்ளையள், பால் குடுக்கிற ஆக்கள் இருந்தா அவையின்ர கையில படக்கூடாது. கையுறை போட்டால் நல்லது.

மற்றது காய்ஞ்ச புல்லைத் தராசில நிறுத்துக் குடுங்கோ. கண்ணளவு எப்பவும் பொய்தான் சொல்லும். ஊருக்குப் போகேக்க சூட்கேஸ் நிறுக்கிற தொங்கு தராசு உங்களிட்டையும் கட்டாயம் இருக்கும். அதில புல்லு வலையைக் கொழுவிப் பாருங்கோ.

இன்னொண்டு. எங்களுக்கு இஞ்ச ஏ.சி.டி.எச். உச்சம் மார்ச்சில வரும். உங்களுக்குச் செப்டம்பர். ஒரு பக்கத்து ஆக்களின்ர இலக்கத்தை மற்றப் பக்கத்து ஆக்கள் வச்சுப் பார்க்கக்கூடாது எண்டு எங்கட வெட் அடிக்கடி சொல்லுவா.

வேப்பேரி பழைய மாணவன்

நர்ஸம்மா, வணக்கம். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில படிச்சவன் நான். இப்போ அயர்லாந்துல குதிரைகளை மட்டும்தான் பார்க்கிறேன். உங்க வெட் தொட்டுப் பார்த்திருக்கார், நான் பார்க்கல. அதனால மருந்தளவு விஷயத்துல அவர் பேச்சுதான் கடைசி. ஆனா நீங்க எழுதினதுல ஒரு எண் இல்லாம இருக்கு. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நவம்பர்ல ஏ.சி.டி.எச். திரும்பப் பார்த்தாங்க. இன்சுலின் பார்த்தாங்களா?

ஏன்னா குளம்பைக் கெடுக்கிறது ஏ.சி.டி.எச். இல்ல, இன்சுலின். ஆஸ்திரேலியாவுல ஒரு ஆய்வு, 2007-ல வெளிவந்தது. நோய் எதுவும் இல்லாத மட்டக்குதிரைகளுக்கு ரத்தத்துல இன்சுலினைத் தொடர்ந்து ஏத்தினாங்க. சர்க்கரை இறங்கிடாம குளுக்கோஸும் கூடவே போச்சு. மூணு நாளுக்குள்ள அத்தனைக்கும் லேமினைட்டிஸ். புல், தானியம், கிருமி, வேற எந்தக் காரணமும் கிடையாது. இன்சுலின் ஒண்ணே போதும்னு அன்னிக்குத் தெரிஞ்சு போச்சு. குளம்போட உட்சுவரையும் உள்ளே இருக்கிற எலும்பையும் பிடிச்சு வச்சிருக்கிற மெல்லிய மடிப்புகள் நீண்டு பலமிழக்குது. முழு உடம்பு பாரமும் அது மேலதான் தொங்குது. உங்க பையனோட எலும்பு சுழன்டது அப்படித்தான்.

இப்போ குஷிங் கேள்வி. மனுஷங்களுக்கும் நாய்களுக்கும் பெரும்பாலும் பிட்யூட்டரியோட முன் மடல்ல கட்டி வரும், அட்ரினலைத் தூண்டும், கார்டிசோல் எகிறும். குதிரைக்குக் கெட்டுப்போறது நடு மடல். நமக்கு அது பேருக்குத்தான் இருக்கு, குதிரைக்கு நல்லா வளர்ந்த பகுதி. மூளையோட ஹைபோதலமஸ் பகுதியில இருந்து வர்ற டோபமைன் நரம்புகள்தான் அதை அடக்கி வைக்கும். வயசாக ஆக அந்த நரம்புகள் சிதையுது. அடக்க ஆள் இல்லாம நடு மடல் வீங்கி ஏ.சி.டி.எச். மாதிரி ஹார்மோன்களைக் கொட்டுது. கார்டிசோல் பல குதிரைகள்ல சாதாரணமாவே இருக்கும். அதனாலதான் பழைய குஷிங் பேரை விட்டுட்டு பி.பி.ஐ.டி.ன்னு சொல்றோம்.

டோபமைன் நரம்பு சாகுதுன்னு சொன்ன உடனே உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். பார்கின்சன்லயும் அதேதான், மூளையில இடம் மட்டும் வேற. பெர்கோலைடு டோபமைன் மாதிரியே நடிக்கிற மருந்து. இதய வால்வு தடிச்சுப் போகுதுன்னு 2007-ல அமெரிக்காவுல மனுஷங்களுக்கான பெர்கோலைடை விற்பனையிலிருந்து எடுத்துட்டாங்க. குதிரை மட்டும் அதை விடாம தின்னுக்கிட்டிருக்கு. செத்த நரம்பை அது உயிர்ப்பிக்காது, அது செய்ய வேண்டிய வேலையை மட்டும் தினம் செய்யும். அதனால ஆயுசுக்கும் கொடுக்கணும். கிலோவுக்கு 2 மைக்ரோகிராம்னு ஆரம்பிப்போம், 260 கிலோவுக்கு அரை மில்லிகிராம், அதாவது அரை மாத்திரை. உங்க வெட் கணக்கு சரி.

168, 41 விஷயத்துக்கு வரேன். எனக்கு இதுல அவ்வளவு சந்தோஷம் இல்ல. பகல் சுருங்க ஆரம்பிச்சதும் நல்ல குதிரைக்கே ஏ.சி.டி.எச். ஏறும். வட பக்கத்துல ஆகஸ்ட்ல தொடங்கி செப்டம்பர், அக்டோபர்ல உச்சம். நவம்பர்ல தானா இறங்கிடும். நீங்க உச்சத்துல எடுத்த ரத்தத்தையும் இறங்கும்போது எடுத்த ரத்தத்தையும் பக்கத்துல வச்சிருக்கீங்க. இந்த இறக்கத்துல மாத்திரை பங்கு எவ்வளவு, மாசத்தோட பங்கு எவ்வளவுன்னு யாராலயும் பிரிக்க முடியாது. செப்டம்பர்ல 60 வந்திருந்தா நான் இழுத்துக்கிட்டிருப்பேன், அதே 60 பிப்ரவரியில வந்தா சந்தேகமே இல்ல. உங்க 168-ம் அந்த முடியும் சேர்ந்தா நோய் உறுதிதான், அதுல பேச்சில்ல. ஆனா மாத்திரை எவ்வளவு தூரம் வேலை செய்யுதுன்னு தெரியணும்னா பிப்ரவரி வாக்குல ஒண்ணு, அடுத்த ஆகஸ்ட்ல ஏறும்போது ஒண்ணுன்னு பாருங்க. சில குதிரைகளுக்கு இலையுதிர் காலத்துக்கு மட்டும் மருந்தைக் கூட்ட வேண்டி வரும்.

பி.பி.ஐ.டி. வந்த எல்லாக் குதிரைக்கும் இன்சுலின் கோளாறு இருக்காது. முடி மட்டும் வளர்ந்து, சதை வத்தி, குளம்பு கல்லு மாதிரி இருக்கிற கிழடுகளை நிறையப் பார்த்திருக்கேன். கோளாறு இருக்கிறதுக்குத்தான் கால் போகும். வெல்ஷ், ஷெட்லாண்ட் மாதிரி ரகங்களுக்கு இளவயசுலேயே அந்தச் சுபாவம் இருக்கும். மேய்ச்சல் கம்மியான மலையில குளிர்காலத்தைத் தாண்டுறதுக்காக அமைஞ்ச உடம்பு. பிஸ்கட்டோட பிடரிக் கொழுப்பு நேத்து வந்ததில்ல. என் சந்தேகம், உங்களுக்கு ரெண்டு நோய்: பல வருஷமா இருந்த இன்சுலின் கோளாறு, அது மேல வயசுல வந்த பிட்யூட்டரி. மாத்திரை ரெண்டாவதுக்கு மருந்து. முதலாவதுக்கு மருந்து தீவனத் தொட்டியிலதான்.

ஒரு விஷயம் நீங்களே பார்க்கலாம். வெளிச்சத்துல குளம்பைத் துடைச்சுட்டு பக்கவாட்டுல குனிஞ்சு பாருங்க. சுவர்ல வளையங்கள் தெரியும். சாதாரண வளையம் சுத்திலும் ஒரே இடைவெளியில போகும். லேமினைட்டிஸ் வளையம் முன்பக்கம் நெருக்கமா இருந்து குதிகால் பக்கம் விசிறி மாதிரி விரியும். குளம்பு மாசத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வளரும். அதனால மேல்விளிம்பிலிருந்து அந்த வளையம் எவ்வளவு கீழே இருக்குன்னு அளந்தா, எத்தனை மாசத்துக்கு முன்னால சத்தமில்லாம ஒரு தடவை வந்து போயிருக்குன்னு தெரியும். ஆகஸ்ட்டுக்கு முந்தின வளையம் இருந்தா வெட்கிட்ட காட்டுங்க.

புல் விஷயம். மேய்ச்சல் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ராத்திரி விடச் சொன்னவர் முழுசாத் தப்பா சொல்லல. பகல் வெயில்ல புல்லுல சேர்ற சர்க்கரையை ராத்திரி புல்லே செலவழிச்சுடும், விடியக்காலையில குறைவா இருக்கும். ஆனா உறைபனி விழற ராத்திரியில அந்தச் செலவு நடக்காது. பனி படிஞ்சு பின்னால வெயில் அடிக்கிற காலை ஷ்ராப்ஷயர்ல இனிமேதான் வரிசையா வரப்போகுது. அந்தப் புல் விஷம்னே வச்சுக்குங்க.

காய்ஞ்ச புல்லை வாங்குற இடத்துல லேப் ரிப்போர்ட் கேளுங்க. சர்க்கரையும் மாவும் சேர்த்து உலர் எடையில 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும். ரிப்போர்ட் இல்லேன்னா தண்ணியில ஊற வையுங்க. குளிர்ல பச்சைத் தண்ணியில ராத்திரி முழுக்க ஊறினாலும் பரவாயில்ல, கோடையில அவ்வளவு நேரம் வேண்டாம், புளிச்சுப் போகும். பழுப்பா வடியற தண்ணியை ஓடையில விடாதீங்க. ஊறும்போது உப்புச்சத்தும் போயிடும், அதுக்கு சர்க்கரை இல்லாத பேலன்சர் (தாது, வைட்டமின் தீவனம்) ஒரு கைப்பிடி. ஹேலேஜ் (பாதி காய்ஞ்சதும் காத்துப் புகாம சுத்தி வச்ச புல்) கூடாது. பல் நல்லா இருந்தா ஒரு பங்கு பார்லி வைக்கோல் கலக்கலாம். பல் இல்லாத கிழத்துக்கு வைக்கோல் போட்டா குடல்ல அடைச்சு வயித்துவலி வரும், அதனால முதல்ல பல்லைப் பாருங்க.

அளவு உடம்பு எடையில ஒன்றரை சதவீதம், உங்களுக்கு 4 கிலோ உலர்புல், ஊற வைக்கிறதுக்கு முன்னால நிறுத்தது. வன்னி தம்பி சொன்ன தராசு யோசனை அருமை. ஆனா அந்த 260 உடம்பைச் சுத்தி அளந்து எடை சொல்ற டேப்ல வந்ததுன்னா ரொம்ப நம்பாதீங்க. தொங்கின வயிறு டேப்பை ஏமாத்தும். பிடரியில கொழுப்பு, முதுகுல வத்தல்னா அவன் குண்டும் ஒல்லியும் ஒண்ணா இருக்கான். புரதம் குறைக்கக்கூடாது, சர்க்கரைதான் குறையணும்.

பட்டினி போடச் சொன்னவர்கிட்ட இனிமே யோசனை கேக்காதீங்க. இதை நான் கோபத்தோடதான் எழுதுறேன். மட்டக்குதிரையையும் கழுதையையும் திடீர்னு பட்டினி போட்டா உடம்புக் கொழுப்பு மொத்தமா ரத்தத்துல இறங்கி ஈரலை மூழ்கடிச்சுடும். ரத்தத்தைக் குழாய்ல எடுத்தா பால் மாதிரி இருக்கும். அந்த நிலைக்குப் போனதுல பாதியைக் காப்பாத்துறதே பெரும்பாடு.

இதே காரணத்துக்காகத்தான் வாய் வைக்க யோசிக்கிறான்னு நீங்க எழுதினதை நான் சாதாரணமா எடுத்துக்க மாட்டேன். பெர்கோலைடு ஆரம்பத்துல பசியைக் கெடுக்கிறது தெரிஞ்ச விஷயம், குதிரை மந்தமாவும் நிக்கும். வெட்கிட்ட சொன்னா ரெண்டு மூணு நாள் நிறுத்திட்டு, இன்னும் குறைச்ச அளவுல இருந்து மெதுவா ஏத்தச் சொல்வார். பாதியைக் காலையிலயும் பாதியைச் சாயங்காலமும் பிரிச்சுக் கொடுக்கச் சொல்றவங்களும் உண்டு. நீங்களா நிறுத்த வேண்டாம். முழுசா தீவனத்தை விட்டுட்டான்னா அன்னிக்கே கூப்பிடுங்க.

எர்டுகிளிஃப்ளோசின் உண்மைதான். குதிரைக்குன்னு உரிமம் இல்லாத மருந்து, ஆனா தீவனத்தால அடங்காத இன்சுலினுக்கு வெட்கள் எழுதுறாங்க. சிறுநீரகம் வழியா சர்க்கரையை வெளியேத்துறதால இன்சுலின் வேகமா இறங்குது, குளம்பு வலி குறையறதையும் பார்க்கிறோம். பிரச்சனை, ரத்தத்துல கொழுப்பு ஏறும். ஒழுங்கா தின்னாத மட்டக்குதிரைக்கு அதுவே ஆபத்து. கொடுக்கிறதுக்கு முன்னாலயும் கொடுத்தப்புறமும் டிரைகிளிசரைடு (அந்த ரத்தக் கொழுப்பு) பார்க்கணும். உங்க வார்டு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிற சமாசாரம் இல்ல இது, உங்களுக்கே தெரியும். மெட்ஃபார்மின் யாராவது சொன்னா, குதிரைக் குடல் அதை ரொம்பக் கம்மியாத்தான் உறிஞ்சும், பெரிய நம்பிக்கை வேண்டாம்.

கால்ல நாடி துடிக்கிற வரைக்கும் நடக்க வைக்காதீங்க. முழங்கால் ஆழத்துக்கு மரத்தூள் படுக்கை, முன்னங்குளம்புக்கு மெத்தைப் பட்டை. லாடக்காரர் வரும்போது எக்ஸ்ரேயைக் கையில வச்சுக்கிட்டு வெட்டட்டும், நாலு அஞ்சு வாரத்துக்கு ஒரு தடவை.

பூம்பாறை மாரி

டாக்டர் சார், வணக்கம். கொடைக்கானல்ல ஏரியைச் சுத்தி சவாரிக்கு விடற மட்டக்குதிரைகள் எங்க மாமாகிட்ட நாலு இருக்கு. அதுல ஒரு பெட்டை, வயசு யாருக்கும் சரியாத் தெரியாது, இருபதுக்கு மேலன்னு மாமா சொல்றார். மார்கழிக் குளிருக்கு எல்லாத்துக்கும் முடி அடர்த்தியாகும், சித்திரையில உதிர்ந்துடும். இதுக்கு உதிரவே மாட்டேங்குது. கொள்ளு வேக வச்சுத்தான் போடறோம். டூரிஸ்ட்காரங்க கேரட்டு, சுட்ட மக்காச்சோளம் எல்லாம் ஊட்டுவாங்க, தடுக்க முடியாது. தாத்தா காலத்துல நொச்சித் தழை கொடுத்தா சரியாகும்னு சொல்வாங்களாம். கொடுக்கலாமா?

வேப்பேரி பழைய மாணவன்

மாரி தம்பி, நொச்சியை நீங்க கேட்டது வேடிக்கை இல்ல. அதோட ஐரோப்பிய ஒன்றுவிட்ட உறவு ஒரு செடி இருக்கு, அதே வைட்டெக்ஸ் இனம். அதோட சாறை இந்த நாட்டுலயும் குஷிங் குதிரைக்குன்னு புட்டியில அடைச்சு விக்கிறாங்க. பெர்கோலைடோட வச்சுப் பார்த்த ஆய்வுல அது நோயைக் கட்டுப்படுத்தல. லாயத்துல கொசுவுக்கு நொச்சிப் புகை போடுங்க, அதுக்கு நான் முழு ஆதரவு.

பெட்டையோட முடி உதிரலன்னா முதல் சந்தேகம் பி.பி.ஐ.டி.தான். ஆனா புழுவும் பல்லும் பார்த்துடுங்க, ரெண்டும் செலவு குறைவு. பி.பி.ஐ.டி. இருந்தா எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு புழுவும் அதிகமா ஏறும். தண்ணி எத்தனை வாளி குடிக்குதுன்னு மாமாவை எண்ணச் சொல்லுங்க. ரத்தம் எடுக்க வழி இருந்தா எடுங்க, ஆனா இங்கிலாந்து லேப் வரம்பை அப்படியே வைக்காதீங்க. கொடைக்கானல்ல பகல் நீளம் வருஷத்துல பெருசா மாறாது, இங்க வர்ற அந்த இலையுதிர் கால ஏத்தத்தை அங்க எதிர்பார்க்க முடியாது.

கொள்ளு உழைக்கிற நல்ல குதிரைக்கு அருமையான தீவனம், மத்த மூணுக்கும் தாராளமா போடுங்க. இந்தப் பெட்டைக்குப் பிடரி தடிச்சிருந்தாலோ, கல்லுல கால் வைக்கக் கூசினாலோ கொள்ளையும் தவிட்டையும் நிறுத்திட்டு காய்ஞ்ச புல்லுக்கு மாத்துங்க. சேணத்துல ஒரு அட்டையைக் கட்டி "சர்க்கரை வியாதி, தீனி போடாதீர்கள்"னு எழுதினா டூரிஸ்ட் கையை எடுத்துடுவாங்க. நம்ம ஊர்ல அந்த வியாதிக்கு இருக்கிற மரியாதை வேற எதுக்கும் கிடையாது. கால் கூசுற நாள்ல மட்டும் சவாரிக்கு விட வேண்டாம்னு மாமாகிட்ட கண்டிப்பா சொல்லுங்க. வருமானம் போகும்னு தெரியும். ஆனா சுழன்ட எலும்போட ஏரியைச் சுத்த வச்சா அந்தக் குதிரை மொத்தமாப் போயிடும்.

தாமிரபரணிக்காரி

டாக்டர், ரொம்ப நன்றி. நவம்பர்ல இன்சுலின் பார்க்கல, இப்போ கேட்டதுக்கு வெட் ஒத்துக்கிட்டார். குளம்பைத் துடைச்சுப் பார்த்தேன். வலது முன்னங்கால்ல நீங்க சொன்ன மாதிரி விசிறி வளையம் ரெண்டு இருக்கு. மேல இருக்கிறது ஆகஸ்ட்டோட சரியா வருது. கீழ இருக்கிறது மேல்விளிம்பிலிருந்து ஆறு சென்டிமீட்டர் தள்ளி. கணக்குப் போட்டா மே மாசம் வருது. அப்போ தோட்டப் பக்கத்துப் புது மேய்ச்சல்ல விட்டிருந்தோம். நொண்டல, ஆனா நடை கொஞ்சம் குறுகினது மாதிரி இருந்ததுன்னு மக இப்போ போன்ல சொல்றா.

பசி பரவாயில்ல. வெட் சொன்னபடி நிறுத்தி, கால் மாத்திரையில திரும்ப ஆரம்பிச்சிருக்கோம். பேரீச்சம்பழத்தை நம்பி வாங்கிக்கிறான். தம்பிக்கு நன்றி. தராசுல போட்டுப் பார்த்தா ஒரு வலை 6 கிலோ இருந்தது.

ரெண்டே கேள்வி. வர்ற வாரம் ரத்தம் எடுக்கும்போது பாகு கொடுத்துப் பார்க்கிற டெஸ்ட் செய்யலாமான்னு வெட் கேட்டார். அது நல்லதா? காலையில வெறும் வயிறா வைக்கணுமா? இன்னொண்ணு, இந்த முடியைக் கத்தரிச்சு விடலாமா? குளிர்காலத்துலயும் வேர்க்கிறான்.

வேப்பேரி பழைய மாணவன்

மே மாசப் புல்லா. அப்போ இன்சுலின் கோளாறு ஆகஸ்ட்டுக்கு முன்னாலேயே இருந்திருக்கு, நீங்க அளந்தது நல்ல வேலை. அந்த ஆறு சென்டிமீட்டரை போட்டோ எடுத்து தேதி போட்டு வச்சுக்குங்க.

பாகு டெஸ்ட் இப்போ வேண்டாம்னுதான் நான் சொல்வேன். கார்ன் சிரப்பை வாய்ல கொடுத்து ஒரு மணி நேரம் கழிச்சு இன்சுலின் எவ்வளவு ஏறுதுன்னு பார்க்கிற டெஸ்ட் அது. சாதாரண நிலையில இன்சுலின் சந்தேகமா இருக்கிற குதிரைக்கு ரொம்ப உபயோகம். உங்களுக்கு ஒண்ணும் கொடுக்காமலே 84 வந்தாச்சு, 50-க்கு மேல போனாலே கோளாறுன்னு எடுத்துக்கிறோம். நாடி துடிக்கிற காலோட சர்க்கரை ஏத்தி இன்சுலினைத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்ல. கால் அடங்கி, தீவனம் மாத்தி சில மாசம் ஆனப்புறம் அதை வச்சு முன்னேற்றம் பார்க்கலாம்.

இந்தத் தடவை வெறும் வயிறும் வேண்டாம். பட்டினியில எடுத்தா இன்சுலின் பொய்யா குறைச்சுக் காட்டும். வழக்கமான ஊறின புல் முன்னால இருக்கட்டும், பேலன்சர் மட்டும் ரத்தம் எடுத்தப்புறம். வெட் வர்றதுக்கு முன்னால லாரியில ஏத்துறது, லாடக்காரரைக் கூப்பிடுறது மாதிரி எதையும் வச்சுக்காதீங்க. வலியும் பயமும் ரெண்டு எண்ணையும் தூக்கிவிடும். செப்டம்பர்ல எடுத்த நேரத்துலயே எடுக்கச் சொல்லுங்க. ஏ.சி.டி.எச். குழாய் சீக்கிரமே குளிர்ப்பெட்டிக்குள்ள போகணும்.

முடியைக் கத்தரிக்கலாம். வேர்த்து ஈரமா நிக்கிற குதிரைக்குத் தோல் புண்ணும் சளியும்தான் வரும். கழுத்தும் நெஞ்சும் வயித்தடியும் மட்டும் எடுத்துட்டு முதுகை விட்டுடுங்க, ராத்திரிக்கு லேசான கம்பளி போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: மெஷினுக்கு பயப்படுற குதிரைன்னா கால் வலி போற வரைக்கும் தள்ளிப் போடுங்க, துள்ளினா பாரம் முன்னங்கால்லதான் விழும். மயக்க ஊசி போட்டுத்தான் செய்யணும்னா அதையும் ரத்தம் எடுத்த பிறகு வச்சுக்குங்க.